வாழ்ந்த ஆண்டுகள் வேறு, கணக்கில் ஏறும் ஆண்டுகள் வேறு

ஒரே மாதத்தில் ஒரே நாட்டில் போய் இறங்கியவர்கள் இரண்டு பேர். இருவருக்கும் அங்கே வேலை, வாடகை வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று வாழ்க்கை ஒரே மாதிரிதான் ஓடியது. ஆறாவது ஆண்டில் ஒருவர் நிரந்தர வசிப்புரிமை வாங்கிவிட்டார். மற்றவருக்கு இன்னும் நாலு வருடம் பாக்கி என்று பதில் வருகிறது. முதலாமவர் நேரே பணி விசாவில் போனவர். இரண்டாமவர் படிக்கப் போய், அப்புறம் வேலைக்கு மாறியவர். ஒரே ஊரில் ஒரே அளவு காலம்தான் இருந்தார்கள். ஆனால் ஒருவருடைய ஆண்டுகளைச் சட்டம் எண்ணியது, மற்றவருடையதைப் பாதிக்கு மேல் எண்ணவே இல்லை.

நிரந்தர வசிப்புரிமையைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் "அஞ்சு வருஷம் இருந்தால் பிஆர் கிடைக்கும்" என்ற ஒற்றை வரிதான் காதில் விழுகிறது. அந்த வரியில் பொய் இல்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது. எந்த விசாவில் இருந்த ஐந்து ஆண்டு, நடுவில் எத்தனை நாள் வெளியே போயிருந்தீர்கள், இருந்ததை எதைக் காட்டி நிரூபிப்பீர்கள் என்ற கேள்விகள் அந்த மீதிப் பாதியில் இருக்கின்றன. விண்ணப்பம் போடும் நேரத்தில் இவற்றைத் தேடத் தொடங்கினால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். முதல் விசா வாங்கும் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். நிரந்தர வசிப்புரிமை என்பது குடியுரிமை இல்லை. உங்கள் பாஸ்போர்ட் மாறாது. பொதுவாக நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு கிடையாது. (நியூசிலாந்து ஓர் அருமையான விதிவிலக்கு. நிரந்தரமாக வசிப்பவர் அந்த நாட்டில் தொடர்ந்து ஓராண்டு இருந்திருந்தால் அங்கே ஓட்டுப் போடலாம்.) கிடைப்பது என்ன? முதலாளியின் தயவில்லாமல் வேலை மாறலாம், வேலை போனாலும் நாட்டில் இருக்கலாம், விசா புதுப்பிப்பு என்ற தலைவலி தீரும். பணி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். அமெரிக்காவில் எச்-1பி விசாக்காரருக்குப் பொதுவாக அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு ஸ்பான்சர் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். வீட்டுக் கடனும் பள்ளிக்கூடத்தில் பிள்ளையும் இருக்கும் குடும்பத்துக்கு இந்த 60 நாள் என்பது என்ன மாதிரியான நாள்கள் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பிஆர் வாங்க மக்கள் இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் அந்தப் பயம் போக வேண்டும் என்பதுதான்.

எந்த ஆண்டு எண்ணப்படும்?

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். திறன்மிகு தொழிலாளர் விசாவில் ஐந்து ஆண்டு இருந்தால் நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்பதுதான் பல ஆண்டுகளாக இருந்துவந்த விதி. மாணவர் விசாவில் கழித்த காலமும், படிப்பு முடித்தபின் வேலை தேடுவதற்குத் தரும் பட்டதாரி விசாக் காலமும் அந்த ஐந்தில் சேராது. மூன்று ஆண்டு படித்து, இரண்டு ஆண்டு பட்டதாரி விசாவில் இருந்து, பிறகு பணி விசாவுக்கு மாறியவருக்கு ஆறாம் ஆண்டில்தான் முதல் ஆண்டு தொடங்குகிறது. அவருக்கு இன்னொரு வழி உண்டு. எந்த விசாவாக இருந்தாலும் சட்டப்படி தொடர்ந்து பத்து ஆண்டு இருந்தவர்களுக்கான நீண்டகால வசிப்பு வழி அது. அதில் மாணவர் காலமும் சேரும். அவர் இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்து, எது முதலில் முடிகிறதோ அதைப் பிடிக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் இரண்டும் ஒரே சமயத்தில்தான் முடிகின்றன!

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால வசிப்பாளர் விதிமுறை 2003இல் வந்தது. டென்மார்க்கும் அயர்லாந்தும் அதில் சேரவில்லை. மற்ற உறுப்பு நாடுகளில் சட்டப்படி தொடர்ந்து ஐந்து ஆண்டு வசித்தவருக்கு அந்தத் தகுதி கிடைக்கும். மாணவராக இருந்த காலத்துக்குப் பாதி மதிப்பு. நாலு வருடம் படித்தால் இரண்டு வருடமாக எண்ணுவார்கள். மாணவராக இருக்கும்போதே விண்ணப்பிக்கவும் முடியாது.

ஜப்பானில் பொது விதி பத்து ஆண்டு. அதில் குறைந்தது ஐந்து ஆண்டு வேலை விசாவிலோ குடும்பத் தகுதியிலோ இருந்திருக்க வேண்டும். தொழிற்பயிற்சி விசாவில் வந்து ஆலைகளிலும் வயல்களிலும் உழைத்தவர்களின் காலம் இந்த ஐந்தில் சேராது. கடுமையான வேலையைச் செய்தவர்களின் ஆண்டுகளைத்தான் சட்டம் ஒதுக்கிவைக்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவே இல்லை. அதே நாட்டில் உயர்திறன் நிபுணர் புள்ளிப் பட்டியலில் 70 புள்ளி எடுத்தவருக்கு மூன்று ஆண்டு போதும். 80 எடுத்தவருக்கு 2017 முதல் ஒரே ஆண்டுதான்.

ஜெர்மனியில் காலத்தோடு இன்னொரு கணக்கும் ஓடுகிறது. பொது வழியில் ஐந்து ஆண்டு வசித்தால் மட்டும் போதாது, 60 மாதம் ஓய்வூதியக் காப்பீட்டுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். திறன்மிகு பணியாளருக்கு 2023 நவம்பருக்குப் பிறகு மூன்று ஆண்டும் 36 மாதக் கட்டணமும் போதும். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் படித்துத் தகுதியான வேலையில் சேர்ந்தவருக்கு இரண்டு ஆண்டு, 24 மாதக் கட்டணம். நீல அட்டை (உயர்தகுதிப் பணியாளருக்கான ஐரோப்பிய ஒன்றிய அனுமதி) வைத்திருப்பவருக்கு 27 மாதம். பி1 அளவு (இடைநிலை) ஜெர்மன் மொழி தெரிந்தால் 21 மாதம். சம்பளக்காரர்களுக்கு இந்தக் காப்பீடு தானாகவே பிடித்தமாகிவிடுவதால் பிரச்சினை இல்லை. மாட்டிக்கொள்கிறவர்கள் சுயதொழில் செய்கிறவர்கள்தான். அவர்களில் பலருக்கு அது கட்டாயமில்லை என்பதால் கட்டுவதில்லை. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் வசித்த கணக்கு நிறைந்திருக்கும், காப்பீட்டுக் கணக்கு காலியாக இருக்கும். ஓய்வுக்காலத்துக்குத் தனியாக ஏற்பாடு செய்திருந்தால் அதைக் காட்டலாம். ஆனால் அது அரசு காப்பீட்டுக்கு ஈடானதுதான் என்று அலுவலகத்தை ஏற்கவைக்க வேண்டும்.

ஊருக்குப் போன நாள்கள்

தகுதிக் கணக்கு உடைவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது வெளிநாட்டுப் பயணம்தான். அதிலும் மனசுக்கு வலி தருகிற பயணங்கள்: அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, பிரசவத்துக்குப் போனது. சட்டம் இவற்றை முழுக்க மறுப்பதில்லை, ஆனால் தானாகவே மன்னிப்பதும் இல்லை.

பிரிட்டன் விதியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். எந்த 12 மாதத்தை எடுத்தாலும் அதில் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. "எந்த 12 மாதத்தை எடுத்தாலும்" என்ற சொற்களில்தான் சிக்கல் இருக்கிறது. ஒருவர் செப்டம்பர் 1 அன்று கிளம்பி டிசம்பர் 10 அன்று திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பிய நாளையும் திரும்பிய நாளையும் விட்டுவிட்டு முழு நாள்களை மட்டும் எண்ண வேண்டும். செப்டம்பரில் 29, அக்டோபரில் 31, நவம்பரில் 30, டிசம்பரில் 9, ஆக 99 நாள். அடுத்த ஆண்டு மார்ச் 14 போய் ஜூன் 12 திரும்புகிறார். மார்ச்சில் 17, ஏப்ரலில் 30, மே மாதத்தில் 31, ஜூனில் 11, ஆக 89 நாள். காலண்டர் ஆண்டைப் பார்த்தால் இரண்டு ஆண்டிலும் நூறைக்கூடத் தாண்டவில்லை. அவரும் நிம்மதியாக இருப்பார். ஆனால் முதல் செப்டம்பரிலிருந்து அடுத்த ஆகஸ்ட் வரைக்கும் எடுத்தால் 188 நாள் வருகிறது. எட்டு நாள் அதிகம்.

நெருங்கிய உறவினர் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தது போன்ற தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் அந்த நாள்களைக் கழித்துவிடக் கேட்கலாம். கேட்பதற்கு மருத்துவமனைக் கடிதம் வேண்டும், சேர்த்த தேதி வேண்டும், உறவு முறைக்குச் சான்று வேண்டும். பெற்றவர் படுக்கையில் கிடக்கும்போது யாரும் ஆவணம் சேர்க்க நினைப்பதில்லை. மூன்று ஆண்டு கழித்து அந்த மருத்துவமனையில் கேட்டால் பழைய பதிவேடு கிடைக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் டிஸ்சார்ஜ் தாளை அன்றைக்கே ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விமான டிக்கெட்டையும் சேர்த்து.

ஐரோப்பிய ஒன்றிய விதி வேறு மாதிரி. ஒரே மூச்சாக ஆறு மாதத்துக்குக் குறைவாகவும், ஐந்து ஆண்டு மொத்தத்தில் பத்து மாதத்துக்கு மிகாமலும் வெளியே இருக்கலாம். இங்கே ஆண்டுக்கு இவ்வளவு என்ற உச்சவரம்பைவிட மொத்தம்தான் முக்கியம். ஆண்டுதோறும் இரண்டு மாத விடுமுறைக்குப் போகிறவருக்கு ஐந்தாவது ஆண்டில் ஒரு நாள்கூட மிச்சம் இருக்காது.

காகிதத்தில் நிற்கும் வாழ்க்கை

ஒருவர் அந்த நாட்டில் ஒழுங்காக வாழ்ந்தார் என்பதை அதிகாரி நேரில் பார்க்கப்போவதில்லை. அவர் பார்ப்பது வரி ரசீது, சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுப் பதிவு, காவல்துறைச் சான்று. எல்லா நாட்டிலும் குற்றப் பின்னணி பார்ப்பார்கள் என்பது தெரிந்ததுதான். தெரியாமல் போவது சின்னச் சின்னப் பிசகுகள். ஜப்பானில் வரியையும் சுகாதாரக் காப்பீட்டையும் ஓய்வூதியத் தொகையையும் கட்டினீர்களா என்பதோடு கெடு தேதிக்குள் கட்டினீர்களா என்றும் பார்க்கிறார்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் பாக்கி முழுவதையும் ஒரே மூச்சில் கட்டி முடித்தாலும், தாமதம் தாமதமாகத்தான் பதிவில் நிற்கும். 2024இல் அங்கே நிறைவேறிய சட்டத் திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. நிரந்தர வசிப்புரிமை வாங்கிய பிறகும் வேண்டுமென்றே வரி, காப்பீடு கட்டாமல் விட்டால் அந்த உரிமையைப் பறிக்கலாம் என்று அது வழிசெய்தது.

மொழி, பொது அறிவுத் தேர்வுகளைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் இந்தப் பாதையில் எளிதாகத் தாண்டக்கூடிய படி இவைதான். பிரிட்டனில் 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக இருந்தால் தேர்ச்சி. ஜெர்மனியில் 33 கேள்வி, 15 சரியாக இருந்தால் நிரந்தர வசிப்புக்குப் போதும். படித்துவிட்டுப் போனால் முடிந்துவிடும்.

வயது ஓடும் முன்னே

போய் வசித்த பிறகு கேட்பதற்குப் பதிலாக, வெளியிலிருந்தே நிரந்தர வசிப்புரிமையோடு போய் இறங்குவது இன்னொரு முறை. புள்ளி முறையைக் கனடா 1967இல் தொடங்கிவைத்தது. விண்ணப்பதாரர் எந்த நாட்டுக்காரர், எந்த இனம் என்று பார்த்துச் சேர்த்துக்கொண்டிருந்த காலத்திலிருந்து விலகி, படிப்பு, மொழி, அனுபவம் என்று எண்ணிக்கைக்குள் கொண்டுவந்த மாற்றம் அது. அதன் இன்றைய வடிவமான எக்ஸ்பிரஸ் என்ட்ரி 2015 ஜனவரியில் வந்தது. மொத்தம் 1,200 புள்ளி. இத்தனை எடுத்தால் கிடைக்கும் என்ற நிலையான தேர்ச்சி மதிப்பெண் கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் மேலே இருப்பவர்களை அழைப்பார்கள், கடைசியாக அழைக்கப்பட்டவரின் புள்ளிதான் அந்தச் சுற்றின் எல்லை. 2023 முதல் மருத்துவம், கட்டுமானத் தொழில்கள், பிரெஞ்சு மொழி என்று பிரிவு வைத்தும் அழைக்கிறார்கள்.

இங்கேயும் ஒரு கடிகாரம் ஓடுகிறது, அது உங்கள் வயது. கனடாவில் 20 முதல் 29 வரை முழுப் புள்ளி. முப்பதிலிருந்து ஆண்டுதோறும் குறைந்து 45இல் பூஜ்யம். ஆஸ்திரேலியாவில் 25 முதல் 32 வரை 30 புள்ளி, 33 முதல் 39 வரை 25, 40 முதல் 44 வரை 15. 45 ஆகிவிட்டால் அந்தத் திறன் விசாக்களுக்கு அழைப்பே கிடையாது. குறைந்தபட்சம் 65 புள்ளி என்று ஆஸ்திரேலியாவில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு 65 வந்ததும் அழைப்பு வரும் என்று காத்திருப்பவர்கள் நிறையப் பேர். அது வரிசையில் நிற்பதற்கான தகுதி மட்டும்தான். பல தொழில்களில் அதைவிட நிறையக் கூடுதலாக இருந்தால்தான் அழைப்பு வருகிறது.

ஒரு காகிதத்தின் ஆயுளும் இதில் சேர்கிறது. கனடாவுக்கு எழுதும் ஆங்கிலத் தேர்வு முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும், படிப்பு மதிப்பீட்டு அறிக்கை ஐந்து ஆண்டு. அழைப்புக்காகக் காத்திருக்கும்போது தேர்வு முடிவு காலாவதியாகி, திரும்ப எழுதி, அந்த இடைவெளியில் ஒரு பிறந்தநாளும் வந்து புள்ளி குறைந்து நிற்பவர்கள் உண்டு. இவர்களிடம் போய் "உத்தரவாதமாக வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கும் இடைத்தரகர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. புள்ளி எல்லை எவ்வளவாக இருக்கும் என்று எந்த முகவருக்கும் முன்கூட்டியே தெரியாது. வேலை உத்தரவை விலைக்கு விற்பது ஒரு தொழிலாகவே நடந்ததால்தான், வேலை வாய்ப்புக் கடிதத்துக்குத் தந்த கூடுதல் புள்ளிகளை 2025 மார்ச்சில் கனடா எடுத்துவிட்டது.

பிறந்த நாடு என்ற வரிசை

அமெரிக்காவில் கதை வேறு. தகுதி இருக்கிறது என்று அரசு ஒப்புக்கொண்ட பிறகும் பல்லாண்டு காத்திருக்க வேண்டிய நிலை அங்கேதான் உச்சத்தில் இருக்கிறது. வேலை அடிப்படையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 கிரீன் கார்டு. இதில் மனைவி, கணவர், பிள்ளைகளும் அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அதாவது வேலை வழியில் ஒரு நாட்டுக்கு ஏறக்குறைய 9,800. நூற்று நாற்பது கோடிப் பேர் வாழும் நாட்டுக்கும் நாலு லட்சம் பேர் வாழும் தீவுக்கும் அதே எண்ணிக்கை. வேறு நாட்டுக்காரர்கள் பயன்படுத்தாமல் மிஞ்சும் இடங்கள் வரிசையில் நிற்பவர்களுக்கு வந்தாலும், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஈபி-2, ஈபி-3 என்ற வேலைவழிப் பிரிவுகளில் வரிசை பத்தாண்டைத் தாண்டிவிட்டது.

இதில் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது கணக்கே இல்லை. பிறந்த நாடுதான் கணக்கு. இந்தியாவில் பிறந்து கனடாக் குடிமகனாகிவிட்டு அமெரிக்கா போனாலும் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும். ஆனால் கணவனோ மனைவியோ வரிசை இல்லாத வேறு நாட்டில் பிறந்திருந்தால், இருவருமே அந்த நாட்டுக் கணக்கில் போகலாம். பிரசவத்துக்காகவோ அப்பாவின் வேலைக்காகவோ அம்மா இருந்த நாட்டில் பிறந்தது, பின்னாளில் ஒரு குடும்பத்துக்கே பத்து ஆண்டை மிச்சப்படுத்தும். இந்தச் சலுகை இருப்பதே தெரியாமல் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள்.

வரிசையில் உங்கள் இடத்தைக் குறிப்பது பிரையாரிட்டி டேட். பெரும்பாலான வேலை விண்ணப்பங்களில், வேலைக்கு உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி தொழிலாளர் துறையில் விண்ணப்பித்த நாள் அது. உங்களுக்காக முதலாளி குடியேற்றத் துறையில் போடும் ஐ-140 மனு ஒருமுறை அங்கீகரிக்கப்பட்டுவிட்டால், வேறு நிறுவனத்துக்கு மாறிப் புதிதாக மனுப் போட்டாலும் பழைய தேதி பொதுவாக உங்களோடு வரும். இதை அறியாமல், வேலை மாறினால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவோம் என்று அஞ்சி, மதிக்காத இடத்தில் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடப்பவர்கள் உண்டு.

பிள்ளைகளின் நிலைதான் இந்த முறையில் என்னை மிகவும் வருத்துவது. 21 வயது நிரம்பினால் பிள்ளை என்ற கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள். கைக்குழந்தையாகப் போய், அங்கேயே பள்ளிக்கூடம் முடித்து, அந்த ஊரைத் தவிர வேறு ஊர் தெரியாத பிள்ளை, தனியாக மாணவர் விசா தேட வேண்டும். 2002இல் வந்த சட்டம் ஒன்று இதில் கொஞ்சம் இளக்கம் தருகிறது. விசா எண் கிடைக்கும் நாளில், அதாவது வரிசையில் முறை வரும் நாளில், பிள்ளையின் வயதிலிருந்து, ஐ-140 மனு முடிவாகாமல் நிலுவையில் இருந்த நாள்களைக் கழித்துக்கொள்ளலாம். எண் கிடைக்கும்போது பிள்ளைக்கு 21 வயது 5 மாதம், மனு 8 மாதம் நிலுவையில் இருந்தது என்றால், கணக்குப்படி வயது 20 ஆண்டு 9 மாதம். பிழைத்தது. அப்புறம் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இதில் ஒரு விநோதம்: கூடுதல் கட்டணம் கட்டி மனுவை இரண்டு, மூன்று வாரத்தில் முடித்தவர்களுக்குக் கழித்துக்கொள்ள அந்த இரண்டு, மூன்று வாரம்தான் இருக்கும். சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் அந்தக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கல்யாண வழி

துணைவர் வழியாகக் கிடைக்கும் வசிப்புரிமையை எளிதானது என்று நினைக்கிறார்கள். காலம் குறைவு என்பது உண்மை. ஜப்பானில் பத்து ஆண்டு விதி, ஜப்பானியரின் துணைவருக்கு மூன்று ஆண்டு மணவாழ்வும் அதில் ஓராண்டு ஜப்பானில் வசிப்பும் என்று சுருங்கிவிடும். அமெரிக்காவில் குடிமக்களின் துணைவருக்கு எண்ணிக்கை வரம்பே கிடையாது. ஆனால் திருமணமாகி இரண்டு ஆண்டு ஆவதற்கு முன் கிடைத்தால் அந்தக் கிரீன் கார்டு இரண்டு ஆண்டுக்கான நிபந்தனைக் கார்டுதான். அது முடிவதற்கு முந்தைய 90 நாளில் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டு, நிபந்தனையை நீக்கக் கேட்க வேண்டும்.

சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பதில் ஒருவர் கையில் மற்றவரின் வாழ்க்கை சிக்கிக்கொள்கிறது. "கையெழுத்துப் போடமாட்டேன், உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்ற மிரட்டலைக் கேட்டுக்கொண்டே அடியும் உதையும் வாங்கும் பெண்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: துணைவரின் கையெழுத்து இல்லாமலும் வழி உண்டு. மணமுறிவோ வன்முறையோ நடந்திருந்தால் தனியாகவே நிபந்தனையை நீக்கக் கேட்கலாம். கிரீன் கார்டுக்கு மனுவே போடாமல் இழுத்தடித்தாலும், 1994இல் வந்த சட்டத்தின்படி குடிமகன் அல்லது கிரீன் கார்டுக்காரரின் கொடுமைக்கு ஆளானவர் தானே மனுப் போடலாம். கணவருக்கு அது தெரியவராது. பிரிட்டனிலும் துணைவர் விசாவில் இருப்பவர் குடும்ப வன்முறைக்கு ஆளானால், ஐந்து ஆண்டு முடியும்வரை காத்திராமல் நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம். கனடாவும் 2012இல் இப்படி ஓர் இரண்டாண்டு நிபந்தனையைக் கொண்டுவந்தது. அது பெண்களைக் கொடுமைக்காரர்களோடு கட்டிப்போடுகிறது என்ற எதிர்ப்பு வலுத்து, 2017இல் நீக்கப்பட்டது. சரியான முடிவு.

எத்தனை ஆண்டு இருந்தாலும் எண்ணாத இடங்கள்

வளைகுடா நாடுகளில் முப்பது ஆண்டு உழைத்தாலும் அந்த ஆண்டுகளுக்காகவே நிரந்தர வசிப்புரிமை வந்துவிடாது. கத்தார் 2018இல் சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டில் பிறந்தவர் 20 ஆண்டும், கத்தாரில் பிறந்தவர் 10 ஆண்டும் வசித்திருந்தால் கேட்கலாம், ஆனால் பொதுவாக ஆண்டுக்கு நூறு பேருக்கு மட்டும்தான். ஐக்கிய அரபு அமீரகத்தின் கோல்டன் விசா 2019இல் தொடங்கியது. அது புதுப்பிக்கக்கூடிய நீண்டகால விசா, நிரந்தர வசிப்புரிமை இல்லை. இதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டு கதவுமே திறப்பதில்லை.

நடுவழியில் மாறும் விதி

இன்று சொன்ன எண் நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று யாரும் கையெழுத்திட்டுத் தரவில்லை. பிரிட்டன் அரசு 2025 மே மாதம் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், நிரந்தர வசிப்புக்கான பொதுக் காலத்தை ஐந்திலிருந்து பத்து ஆண்டாக்கும் யோசனையை முன்வைத்தது. மூன்றாம், நாலாம் ஆண்டில் இருந்தவர்களுக்கு எழுந்த முதல் கேள்வி, "எங்களுக்கும் சேர்த்தா?" என்பதுதான். ஐந்து ஆண்டு என்று சொன்னதை நம்பி, வேறு நாட்டு வாய்ப்பை விட்டுவிட்டு வந்தவர்கள் இவர்கள். புதிதாக வருபவர்களுக்குப் புது விதி என்பது ஒரு நாட்டின் உரிமை. பாதி வழி வந்தவர்களுக்கு எல்லைக்கோட்டைத் தள்ளிவைப்பது நேர்மையான செயல் இல்லை என்பதே என் கருத்து. அதனால் தகுதி கைக்கு வந்த நாளுக்கு அப்புறம் "அடுத்த மாதம் போடலாம்" என்று விட்டுவைக்காதீர்கள். பிரிட்டனின் ஐந்தாண்டு வழியில் காலம் நிறைவதற்கு 28 நாள் முன்பே விண்ணப்பிக்க முடியும். இந்த மாதிரி நேரத்தில் அந்த 28 நாளுக்கும் மதிப்பு உண்டு.

வாங்கிய பிறகு

கையில் வந்த பிறகும் கணக்கு ஓய்வதில்லை. கனடாவில் ஐந்து ஆண்டில் 730 நாள் உள்ளே இருக்க வேண்டும். குடிமகனான துணைவரோடு வெளிநாட்டில் இருந்தால் அந்த நாளும் சேரும். அங்கே பிஆர் கார்டு காலாவதியானால் உரிமை போய்விட்டது என்று பதறத் தேவையில்லை. கார்டு பயணத்துக்கான ஆவணம், உரிமை தனி. ஆஸ்திரேலியாவில் நிரந்தர விசாவுக்கு முடிவு தேதி கிடையாது, ஆனால் அதோடு வரும் பயண அனுமதி ஐந்து ஆண்டுதான். வெளியே இருக்கும்போது அது முடிந்துவிட்டால் திரும்பி வர வேறு விசா வாங்க வேண்டும். பிரிட்டனில் இரண்டு ஆண்டு தொடர்ந்து வெளியே இருந்தால் உரிமை போகும். ஐரோப்பிய நீண்டகாலத் தகுதி, ஒன்றியத்துக்கு வெளியே தொடர்ந்து 12 மாதம் இருந்தால் போகும். 2022 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு வழக்கில், அந்த 12 மாதத்துக்குள் சில நாள் வந்துபோனாலே தொடர்ந்து வெளியே இருந்ததாக ஆகாது என்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் ஓராண்டுக்கு மேல் போவதானால் மறுநுழைவு அனுமதி வேண்டும்.

இந்த விதிகள் குடியுரிமை வாங்கிவிட்டால் தொல்லையாக இருக்காது. ஆனால் இந்தியா, சீனா, ஜப்பான் போன்ற நாடுகள் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிறந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை விட மனமில்லாதவர்களுக்கு நிரந்தர வசிப்புரிமையே கடைசிவரைக்கும் நிலை. அவர்கள் அறுபது வயதிலும் நாள் எண்ண வேண்டியிருக்கும். பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஒன்றரை ஆண்டு ஊரில் இருக்க நேர்ந்தால் கேட்க வேண்டியதைக் கிளம்பும் முன்பே கேட்டுவிட வேண்டும். அமெரிக்க மறுநுழைவு அனுமதிக்கு நாட்டுக்குள் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். அது பொதுவாக இரண்டு ஆண்டு செல்லும். ஜெர்மனியின் தேசிய நிரந்தர அனுமதி ஆறு மாதத்தில் காலாவதியாகும், ஆனால் வெளிநாட்டினர் அலுவலகத்தில் முன்கூட்டி எழுதிக் கேட்டால் நீண்ட கெடு தரலாம். 15 ஆண்டு சட்டப்படி வசித்து, வாழ்வதற்கான வருமானமும் இருப்பவருக்கு அங்கே அந்த ஆறு மாத விதியே பொருந்தாது. அதற்கும் ஒரு சான்றிதழ் உண்டு. புறப்படும் முன் அலுவலகத்தில் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டால், திரும்பும்போது விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.